கைவிடப்பட்ட இருப்புப்பாதையும் அதன் சிற்றுருவும்

ஒரு பொருள் தன் பயனை இழந்து கிடக்குமிடத்து, அவ்விழப்பின் தோற்றத்தையே அரும்பாடுபட்டு உருவாக்குதல் அறிவுடையார்க்குத் தகுமோ என்பது ஈண்டு ஆராயப்படும் வினாவாகும். மேனாடுகளில் வீட்டுத் தோட்டத்தின்கண் சிறிய இருப்புப்பாதை அமைத்து, அதில் சிறு புகைவண்டிகளை ஓட்டி மகிழ்வார் பலர் உளர். செருமனியில் லேமன் என்னும் விளையாட்டுப் பொருள் நிலையத்தார், மழையிலும் வெயிலிலும் கிடத்தற்கேற்ற 45 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையையும் அதற்குரிய வண்டிகளையும் 1968ஆம் ஆண்டில் வெளியிட்டபின் இவ்வழக்கம் மிகப் பரவிற்று. அவருட் சிலர் ஓடும் பாதையோடு அமையாது, அதன் அருகே, துருவேறிப் புல் மூடிக் கிடக்கும் கைவிடப்பட்ட பாதையொன்றையும் அமைக்கின்றனர். ஓடுதற்கென்றே ஏற்பட்ட ஒன்றை ஓடாததாகவே செய்தல் எற்றுக்கு? இஃது உழைப்பை வீணாக்குதலன்றோ? பிறர் இழப்பைத் தமக்கு வேடிக்கையாக்கிக் கொள்ளுதலன்றோ? இவ்விரு தடைகளையும் முறையே எடுத்து ஆராய்வாம்.

முதற்கண் அவர் உருவாக்கப் புகும் உண்மைப் பொருளை ஓர் எடுத்துக்காட்டான் அறிதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில், பென்சில்வேனியா மாகாணத்து மலைப்பகுதியில், ஈஸ்ட் பிராட் டாப் என்னும் இருப்புப்பாதை ஒன்று உளது. அது 1872 முதல் 1874 வரை அமைக்கப்பெற்றது. மவுண்ட் யூனியன் என்னும் ஊரினின்று ராபர்ட்ஸ்டேல் என்னும் சுரங்கவூர்வரை 33 மைல் நீளமுடையது. இரு தண்டவாளங்களின் இடையகலம் 3 அடியே. மலையில் அகழ்ந்த நிலக்கரியை இறக்கிக் கொணர்தலே அதன் தலையாய தொழில். நிலக்கரியின் வேண்டுகை குன்றவே சுரங்கங்கள் மூடப்பட்டன. 1956ஆம் ஆண்டில் பாதையின் ஓட்டமும் நின்றது. அதனைப் பழைய இரும்பு வாங்கி விற்கும் கோவால்சிக் நிலையத்தார் விலைக்குக் கொண்டனர். பழைய இரும்பு வணிகர் கையிற் பட்ட தண்டவாளம் உலைக்களத்தை அடைதலே உலகியல். ஆயினும் அவர் அதனைப் பெயர்த்திலர். 1960இல் ராக்ஹில் பர்னஸ் என்னும் ஊர்ப்பக்கத்துள்ள சில மைல் தூரம் மட்டும் காட்சி விரும்பிகள் செல்லும் பாதையாகத் திறக்கப்பட்டது. எஞ்சிய நெடும்பகுதி இருந்தவாறே கிடந்தது. தண்டவாளங்களின் நடுவே விதை விழுந்து, முளைத்து, மரமாகி ஓங்கிற்று.

இப்பாதையைத் தோட்டத்தில் அமைப்பார்க்கு ஓர் இயைபு உண்டு. உண்மை அளவை 20.3இல் ஒரு பங்காகச் சுருக்கின், 3 அடி இடையகலம் 45 மில்லிமீட்டராகும். ஆகவே கடையிற் கிடைக்கும் தோட்டப்பாதையின் அகலமும் அம்மலைப்பாதையின் அகலமும் பிழையின்றி ஒத்து நிற்கும். ஓடுகின்ற பாதை அவ்வளவில் எளிதின் அமையும். பாழ்பட்ட பாதையோ எளிதில் அமையாது. அஃது ஏனெனின், கூறுதும்.

உழைப்பு வீணாகின்றது என்னும் முதற்றடையை எடுத்துக்கொள்வாம். பாழ்த்தல் என்பது ஒழுங்கின்மை என்றே பலரும் கருதுவர். அது பொருந்தாது, பாழ்த்தற்கும் ஒரு முறையுண்டு. ஓடும் பாதையில் சக்கரங்கள் உராய்தலால் தண்டவாளத்தின் மேற்புறம் என்றும் ஒளிவிடும், பக்கங்களே துருவேறும். ஓட்டம் நின்ற சின்னாளில் மேற்புறமும் செந்நிறமாகும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது கருங்கபிலம் எய்தும். பின்னர், துப்புரவு செய்வார் இன்மையால் வடிகால் தூர்ந்து, சரளைக்கல்லின் இடையே மண்ணும் சருகும் சேரும். மண் சேர்ந்த பின்னரே விதை நிலைக்கும். ஈரம் நின்ற பின்னரே குறுக்குக்கட்டை உளுக்கும். கட்டை உளுத்த பின்னரே ஆணி தளரும். ஆணி தளர்ந்த பின்னரே தண்டவாளம் தன் நேர்மையினின்று விலகும். இவற்றுள் ஒன்றை முன்பின் மாற்றி வைப்பின், காண்பார் கண்ணுக்கு அது பொய்யெனவே தோன்றும். கட்டை புதியதாயிருப்பப் பருமரம் ஒன்று நடுவே நிற்றல் பொருந்தாது. சரளைக்கல் தூயதாயிருப்பப் புல் அடர்தலும் பொருந்தாது.

இன்னும், தோட்டத்துத் தண்டவாளம் பெரும்பாலும் பித்தளையாலாயது. பித்தளை இரும்பைப்போற் செந்துருப் பிடிப்பதன்று. மழைக்கும் காற்றுக்கும் மங்கிக் கபிலநிறமடைவதே அதன் இயல்பு. ஆதலின் துருவின் நிறத்தை வண்ணத்தானும் பொடியானும் ஏற்றல் வேண்டும். அவ்வாறு ஏற்றுங்கால் மேற்புறத்தை மட்டும் மறந்துவிடின், அது பாழ்ப்பாதையாகாது, நேற்று வண்டி ஓடிய பாதையாகவே தோன்றும். விரலகலமும் இல்லாத அம்மேற்புறத்தின் ஒளியே, வழங்குவது இது, வழக்கொழிந்தது இது என்று பிரித்துக் காட்டும் அடையாளம். பொருளுக்கு ஒளி தருவது அதன் தொழிலே என்னும் உண்மையை நூல்வழிக் கேட்பார் பலர்; கையாற் செய்து காண்பார் சிலரே. ஆகலான் அவ்வுழைப்பு வீணன்று, அறிவைப் பயப்பதே யாம்.

அற்றேல், ஓடாத பாதையைச் செய்வார் பாதையை அமைத்து அப்படியே விட்டுவிடலாமே. மழையும் புல்லும் தாமே அதனைப் பாழாக்குமே, எனின், ஆக்கா. தோட்டத்துப் புல் உண்மை அளவிற்றானே வளரும். 5 சென்டிமீட்டர் உயர்ந்த ஒரு பூண்டு, அச்சிறு பாதையின் கணக்கில் ஏறக்குறைய 1 மீட்டர் உயரமுள்ள புதராகும். 12 மீட்டர் மரத்தைக் காட்ட வேண்டின், அங்கு நிற்கும் செடி 59 சென்டிமீட்டர்க்கு மேல் ஓங்குதல் ஆகாது. கவனியாது விட்ட ஒரே மழைக்காலத்தில் களை பாதை முழுவதையும் விழுங்கிவிடும். விழுங்கியபின் அங்கே பாழ்ப்பாதையும் இராது, வெறும் புதரே இருக்கும். ஆதலின் அவர் தைம் முதலிய சிற்றிலைப் பூண்டுகளையும் பாசியையும் தேர்ந்து நட்டு, கத்தரியால் நறுக்கி, வேண்டாத முளைகளை நாடோறும் களைகின்றார். ஓடும் பாதைக்கு வேண்டும் காவலினும் ஓடாத பாதைக்கு வேண்டும் காவல் மிகுதி. புறக்கணிப்பின் உருவத்தைப் புறக்கணிப்பால் ஆக்குதல் இயலாது. இடையறாத கவனத்தாலேயே அஃது ஆகும்.

ஈண்டு மற்றொன்றும் உணரற்பாலது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 20.3இல் ஒரு பங்காகச் சுருங்கும், காலமோ சுருங்காது. அறுபது ஆண்டின் அழிவை ஒரு கிழமையிற் காட்டலாம். ஆனால் அவ்வறுபது ஆண்டை எவராலும் செய்தல் இயலாது. அவர் செய்வது காலம் விட்டுச்சென்ற சுவட்டையே அன்றிக் காலத்தையன்று. இவ்வேறுபாட்டை அறிந்து செய்வார்க்குச் செருக்குத் தோன்றாது. அறியாது செய்வார் தாம் பழைமையையே படைத்துவிட்டதாக எண்ணி மயங்குவர்.

இனி, பிறர் இழப்பை வேடிக்கையாக்குதல் என்னும் இரண்டாந்தடை. இதுவே வலியது, எளிதில் தள்ளற்பாலதன்று. ஓட்டம் நின்ற பாதை ஒவ்வொன்றின் பின்னும் கூலியிழந்த குடும்பங்கள் உள. துருவின் நிறத்தை வியந்து, அத்துரு யாருடைய உலையில் நெருப்பு அவிந்ததனால் வந்தது என்று வினவாதவன், பிறர் துயரத்தின் மேற்றோலை மட்டும் உரித்து அழகுபார்க்கின்றான். அத்தகையோர்பால் இக்குற்றம் உறுதியாக உண்டு.

ஆயின் அக்குற்றம் செயலைச் சார்ந்ததன்று, செய்வான் உள்ளத்தைச் சார்ந்தது. இதனை அறிதற்கு ஓர் அளவுகோல் உளது. அப்பாதையில் முன்பு எது சென்றது, எவருக்காகச் சென்றது, ஏன் நின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவ்வுருவம் விடை தருமாயின் அது நினைவுச்சின்னம். தாராதாயின் வெறும் ஒப்பனை. இங்கிலாந்தில் டெவன் நாட்டில் லின்டன் – பார்ன்ஸ்டபிள் என்னும் சிறு பாதை 1898இல் திறக்கப்பட்டு 1935இல் மூடப்பட்டது. அதன் தண்டவாளங்கள் பெயர்த்து விற்கப்பட்டன. மூடியபின் இருந்த அதன் நிலையைக் காட்டுவார் துருவேறிய தண்டவாளத்தை வைத்தல் பொய்யாகும். தண்டவாளம் இல்லாத மேட்டையும், கட்டைகள் கிடந்த குழிவையும், பாலத்தின் தூண்களையுமே அவர் வைத்தல் வேண்டும். அமெரிக்கப் பாதையைக் காட்டுவாரோ தண்டவாளத்தை அப்படியே வைத்தல் வேண்டும். ஒன்றிற் பெயர்க்கப்பட்டதும் மற்றொன்றில் விடப்பட்டதும் மக்கள் செய்த முடிவுகளாகலின், அவற்றை மாற்றிக் காட்டுதல் அம்மக்களை மறத்தலேயாம். உண்மையை உள்ளவாறு காட்டுவார் இழப்புற்றாரை இகழ்ந்தவராகார். அவரை மறவாதவரே ஆவர்.

இவ்விரண்டு பாதைகளின் பின்வரலாறும் நம் ஆராய்ச்சிக்குத் துணைசெய்யும். லின்டன் பாதையில் உட்டி பே என்னும் நிலையத்தருகே ஒரு சிறு பகுதியை அன்பர்கள் மீண்டும் அமைத்து 2004 முதல் வண்டி ஓட்டுகின்றனர். அங்குத் தண்டவாளம் முதலாகப் பலவும் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. ஈஸ்ட் பிராட் டாப் பாதையின் காட்சி வண்டிகள் 2011இல் நின்றன. 2020இல் அறநிலையம் ஒன்று அதனை ஏற்றது. 2021இல் வண்டிகள் மீண்டும் ஓடின. 1956 முதல் ஓடாதிருந்த 16ஆம் எண் நீராவி இஞ்சினும் 2023இல் உயிர்பெற்று ஓடிற்று. பெயர்க்காது விட்டமையால் மீட்டல் எளிதாயிற்று. பயனற்றது என்று உலகம் தள்ளிய ஒன்றை, விற்றால் வரும் ஊதியத்தைக் கருதாது விட்டுவைத்த செயலின் மதிப்பு அறுபது ஆண்டின் பின்னரே வெளிப்பட்டது.

இதனால் அறியக்கிடப்பது யாது? பயன் ஒழிதல் வேறு, பொருள் ஒழிதல் வேறு. இரண்டிற்கும் இடையே ஒரு நிலை உண்டு. அந்நிலையில் கிடக்கும் பொருள் தனக்காகப் பேசமாட்டாது. அதனை அழிப்பதும் காப்பதும் கண்டவர் கையில் உள்ளன. உழைத்து ஓய்ந்த முதியோரும் நம் இல்லங்களில் இந்நிலையிலேயே இருக்கின்றனர். அவர்பால் இனி வருவாய் இல்லை என்பதனால் அவர் இல்லாதவராகிவிடார். தோட்டத்தின் ஒரு மூலையில் ஓடாத பாதையை நாடோறும் களைபறித்துக் காப்பவன், பயனை மட்டுமே அளவாகக் கொண்டு பொருள்களை மதிக்கும் வழக்கினின்று தன் கண்ணைத் திருப்பப் பழகுகின்றான். அப்பழக்கம் இருப்புப்பாதையோடு நின்றுவிடின் அது பொழுதுபோக்கே. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்வரையும் அது சென்று எட்டுமாயின் அது அறமாகும். ஆகலின், அழிவின் உருவத்தை ஆக்குதல் தகுமோ என்னும் வினாவிற்கு, அழிந்ததனை உள்ளவாறு அறிந்து, அழியாது எஞ்சியதனைக் காக்கும் கருத்தோடு ஆக்குவார்க்குத் தகும் என்பதே விடையாம்.