உள்ளே இருக்கிற அங்கிள்

தங்கை மகனுக்கு ஏழு வயது. அடையாறில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் சின்ன வயதுப் பயத்தில் அவனுக்கும் ஒரு பங்கு தரலாமென்று பழைய ‘ஜயன்ட் ரோபோ’வை போனில் போட்டுக் காட்டினேன். ரப்பர் தோலோடு ஒரு ராட்சத ஜந்து ஊரை இடித்துக்கொண்டிருந்தது. அவன் பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

“மாமா, உள்ள இருக்கிற அங்கிளுக்கு வேர்க்காதா?”

வேர்க்கும் என்றேன்.

“அப்ப நிறுத்துங்க. அவர் கொஞ்ச நேரம் உக்காரட்டும்.”

நிறுத்தினேன். அன்றிலிருந்து அது மனசைக் குடைகிறது.

1967-இல் ஜப்பானின் தோயேய் நிறுவனம் எடுத்த தொடர் அது. மொத்தம் 26 பகுதிகள். எண்பதுகளில் ஆங்கிலம் பேசிக்கொண்டு தூர்தர்ஷனில் வந்தது. மந்தைவெளியில் டி.வி. இருந்த ஒரு வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் நெருக்கியடித்துப் பார்த்தோம். ஜானி சோக்கோ என்ற சிறுவன் கைக்கடிகாரத்தில் பேசினால் ரோபோ பறந்து வரும். மறுநாள் நாங்கள் வெறும் மணிக்கட்டில் பேசிக்கொண்டு திரிவோம். கில்லட்டின் சக்கரவர்த்தி அனுப்புகிற பூதங்களில் ஒன்று உருண்டு வரும் இரும்புக் குண்டு. இன்னொன்றுக்குக் கண்தான் உடம்பு. அதைப் பார்த்த ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போக மாட்டேன். வேர்வையைப் பற்றி எங்களில் ஒருவரும் பேசியதில்லை.

உள்ளே ஆள் இருப்பது தெரியாததாலா? அப்படிச் சொல்லவும் முடியவில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் மயிலாப்பூரில் சூரசம்ஹாரம். யானைத் தலை, சிங்கத் தலை என்று சூரனுக்குக் கண்ணெதிரேதான் தலையை மாற்றுவார்கள். தோள் கொடுத்தவர்களின் முதுகில் வேர்வை வழிவதும் தெரியும். ஆனாலும் சூரன் என் பக்கம் திரும்பினால் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வேன். தெரிந்ததும் பயந்ததும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

1954-இல் கோட்ஸில்லாவாக நடித்த ஹருவோ நகஜிமா பற்றி எப்போதோ படித்திருக்கிறேன். முதல் உடுப்பு 100 கிலோ அளவுக்குக் கனமாம். அந்தப் புழுக்கத்தோடு 1972 வரை பன்னிரண்டு கோட்ஸில்லா படங்களில் நடித்தார். அவரை யாராவது உட்காரச் சொன்னார்களா? படித்தபோது எனக்கு அது வெறும் சுவாரஸ்யமான தகவல்.

நம் ஊரில் இந்த ரகக் கதைகளுக்கு எழுத்தாளர் சுஜாதாதான். விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷன் சீரியலான ‘என் இனிய இயந்திரா’வில் எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய் நினைவிருக்கும். எனக்கு ஜீவாதான். ஜனங்களின் பெயரையெல்லாம் இரண்டெழுத்தில் அடக்கிய அந்தச் சர்வாதிகாரி கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம். அவருக்கு வேர்க்காது. நிறுத்தினாலும் உட்கார அங்கே ஆளில்லை. ஆட்டிவைக்கிறவர்கள் வேறெங்கோ சௌகரியமாக இருக்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிற பூதங்களும் ஏறக்குறைய அப்படித்தான். வேர்க்கிறவர் யாராவது இருந்தால் மானிட்டர் முன்னால் இருப்பார்.

பயந்தே பழகாத தங்கை மகனின் இரக்கம் கொஞ்சம் மலிவானதோ என்று ஒரு நாள் தோன்றியது. நிஜமான பயங்கரம் ஒன்று எதிரே வந்தால், அதற்குள்ளும் ஒரு அங்கிளைத் தேடி ஏமாந்துபோவானோ? மறுநாள் அதே கவலை அற்பமாகத் தெரிந்தது.

‘ஜயன்ட் ரோபோ’ தொடரின் முடிவில் ரோபோ கில்லட்டினைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஜானி திரும்பிவரச் சொல்லிக் கத்துவான். அது கேட்காது. அன்றைக்கு விக்கி விக்கி அழுதேன். அந்த இரும்புக்குள்ளேயும் ஒரு மனிதர்தானே நின்றிருப்பார்? நான் அழுதது அவருக்காக இல்லை, இல்லாத ரோபோவுக்காக. தங்கை மகனோ இருக்கிற மனிதருக்காகக் கவலைப்படுகிறான். இதில் எது பெரிய மனசு?

தங்கையிடம் கேட்டேன். “உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லைண்ணா” என்றாள். இருக்கலாம். கடைசிப் பகுதியை அவனுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.