திரும்பி வந்தவருக்குக் கல் இல்லை

சீடன்: போர்க்களத்தில் விழுந்த வீரனை நினைவுகூர்வதும், பட்டாளத்திலிருந்து திரும்பி, மூத்து, வீட்டுக் கட்டிலில் இறந்த தாத்தாவை நினைவுகூர்வதும் ஒன்றுதானா, ஐயா?

குரு: இல்லை. விழுந்தவனுக்கு மரபு முறை வகுத்து வைத்திருக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நடுவதற்கு ஆறு படிகள் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, தமிழி எழுத்தில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் சொல்லி அதோடு நின்றுவிடுகிறது. அவன் வாழ்நாளில் கல்லுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நாள், இறந்த நாள். போர் முடிந்து ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்ந்தவரை அந்த அளவுக்குள் அடக்க முடியாது.

சீடன்: ஆங்கிலேயர் காலத்து நினைவுப் பலகைகள் உயிரோடு வந்தவர்களையும் கணக்கில் எடுத்தனவே?

குரு: கணக்கில் மட்டும் எடுத்தன. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டில் 1914–19 போருக்குச் சென்றவர்கள் 277 பேர், உயிர்நீத்தவர்கள் 14 பேர். மீதி 263 பேரைக் கழித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமக்கும் பேறு அவர்களுக்குத்தான் வாய்த்திருக்கும். ஊர் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று நினைத்தது. வீடும் பல நேரம் அப்படியே நினைக்கிறது.

சீடன்: டிரங்குப் பெட்டியில் இருக்கும் பதக்கங்கள் சொல்லாதா?

குரு: கொஞ்சம் சொல்லும். இரண்டாம் உலகப்போரின் பர்மா ஸ்டார், அந்தப் போர்முனையில் ஒருவர் பணியாற்றினார் என்பதற்குச் சான்று. துப்பாக்கி பிடித்தவருக்கும் லாரி ஓட்டியவருக்கும் அடுப்படியில் நின்றவருக்கும் அதே பதக்கம்தான். என்ன செய்தார் என்பதை அது சொல்லாது. ‘தம்பிகள்’ என்று பட்டாளத்தில் பெயர் வாங்கிய மெட்ராஸ் சாப்பர்களை எடுத்துக்கொள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. இரும்புப் பேனல்களைப் பூட்டிக் கட்டும் பெய்லி பாலத்தில் ஒரு பேனல் சுமார் 258 கிலோ. ஆறு பேர் கூடித் தூக்க வேண்டும். 1944 டிசம்பரில் பர்மாவின் காலேவாவில், சிந்த்வின் ஆற்றின் மேல் போட்ட பெய்லி பாலத்தின் நீளம் 1,154 அடி. இப்படிப்பட்ட பாலத்துக்குப் பேனல் சுமந்த ஒருவரை, ஜப்பான்காரனை நேருக்கு நேர் விரட்டியவர் என்று பேரன் சொல்லத் தொடங்கினால் பொய் ஒன்று கூடுவதோடு போகாது. அவர் உண்மையில் சுமந்த சுமை மறைந்துபோகும். பழைய கற்கள் இதில் நேர்மையானவை. செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல், எஜமானனோடு நின்று கள்வரை எதிர்த்த நாயைக்கூட விடாமல், கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து வைத்தது.

சீடன்: தாத்தாவே வாய் திறக்காவிட்டால்?

குரு: பெரும்பாலோர் திறப்பதில்லை. கேட்டால் சாப்பாடு, குளிர், லீவு கிடைக்காத கதை என்று சுற்றிவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த இடத்தைச் சினிமாவில் பார்த்ததைக் கொண்டு நிரப்பக் கூடாது. பேசாதிருந்தார் என்பதும் அவரைப் பற்றிய செய்திதான், அப்படியே பதிவாகட்டும்.

சீடன்: விடியுமுன் எழுவது, போர்வையைக் கோடு பிசகாமல் மடிப்பது போன்ற பழக்கங்களில் அந்தச் சிப்பாயைக் காணலாமா?

குரு: பாதிதான் காணலாம். உழுகிறவனும் விடியுமுன் எழுகிறான். எல்லாவற்றுக்கும் பட்டாளத்தையே காரணம் காட்டினால், அதற்கு முன்பும் பின்பும் வாழ்ந்த மனிதர் காணாமல் போய்விடுவார். பேரன் சிப்பாயைப் பார்த்ததே இல்லை. அவன் பார்த்தது ரேஷன் கடை வரிசையில் நின்ற, பென்ஷன் நாளில் மிட்டாய் வாங்கி வந்த கிழவரை. தான் கண்டதைச் சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. காணாததற்கு ஆவணம் வேண்டும்.

சீடன்: அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பெயர் சொல்வது போதாதா?

குரு: தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைக்குத்தான் பெயர். நேரில் பழகியவர்களின் நினைவும் ஏறக்குறைய அதற்குள் தீர்ந்துவிடும். நான்காம் தலைமுறைக்குப் போக வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும்.

சீடன்: எதையெல்லாம் எழுதுவது?

குரு: டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பெயர், படை எண், பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் முதலில். பெயர் அங்கே வேறு எழுத்தில் இருந்தால் இரண்டையும் குறிக்க வேண்டும். போன இடங்களில் எவை ஆவணத்தில் உள்ளவை, எவை அவர் வாய்ச்சொல் என்று பிரித்து எழுத வேண்டும். பிறகு வந்த வேலை, நிலம், கடன், சண்டை, சமாதானம் எல்லாம் வரலாம். பக்கக் கணக்கில் அதுவே மிகுதியாக இருப்பதுதான் நியாயம். அவர் போயிருந்த ஆண்டுகளில் மணியார்டரை எதிர்பார்த்துக் குடும்பத்தை ஓட்டியவள் பாட்டி. அவள் இருந்தால் அவளிடம்தான் முதலில் போய் உட்கார வேண்டும். அந்த ஆண்டுகளின் பாதிக் கணக்கு அவளிடம் இருக்கிறது.