கணக்குத் தவறினால் அடி யாருக்கு?

ஆயுத பூஜையன்று ஊட்டி, குன்னூர் கடைவீதிகளில் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் பொட்டு வைக்கும் கை, கணக்கு நோட்டுக்கும் ஒரு பொட்டு வைக்கிறது. மறுநாள் பிள்ளையார் சுழி போட்டுத்தான் அந்த நோட்டைத் திறக்கிறார்கள். இதை மட்டும் பார்த்தால் கணக்கெழுதுவதை நம் சமயம் புனிதமான காரியமாகக் கருதுகிறது என்று தோன்றும். ஆனால் அதே சமயம் போற்றும் அடியார்களின் கதை வேறு. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான பட்டினத்தார் கடையையும் கணக்கையும் ஒருசேர உதறிவிட்டுப் புறப்பட்டார். அவரிடம் கணக்கராக இருந்த சேந்தனார் கருவூலத்தை ஏழைகளுக்குத் திறந்துவிட்டுச் சிறைக்குப் போனார் என்கிறது மரபு. பாண்டியனின் அமைச்சரான மாணிக்கவாசகர், அவன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார். அரசன் கேட்டபோது காட்டக் கணக்கில்லாமல் நின்றார். மூவருமே கணக்கை விட்டவர்கள், மூவரையுமே கும்பிடுகிறோம். அப்படியானால் பட்டாவையும் ரசீதையும் வரவு செலவு நோட்டையும் முறையாக வைத்திருப்பது அறமா, பற்றா? காகிதம் உலகியல் சுமை, அதில் மனதைச் செலுத்துவது சின்னப் புத்தி என்று நினைப்பவர்கள் இன்றும் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அந்த நினைப்பு துறவின் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரும்பாலும் சோம்பலுக்குத்தான் காவல் நிற்கிறது என்பது என் வாதம்.

மாணிக்கவாசகர் கதையையே எடுத்துக்கொள்வோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணம் அதை, இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி அனுப்பியதோடு முடிக்கவில்லை. வந்த குதிரைகள் இரவில் மறுபடி நரிகளாகி ஓடுகின்றன, அமைச்சர் வைகை மணலில் தண்டனைக்கு நிறுத்தப்படுகிறார், ஆறு பெருகுகிறது, கரையை அடைக்க மதுரையில் ஆளுக்கொரு பங்கு அளந்து கொடுக்கிறார்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற மூதாட்டிக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்கு ஆள் இல்லை. அவளுடைய கூலியாளாக இறைவனே வருகிறார், வேலை நடக்கவில்லை என்று பிரம்படி படுகிறார், அந்த அடி எல்லோர் மேலும் விழுகிறது. இந்தப் புராணத்தின் உயிர் இறைவனின் எளிமையில் இருக்கிறது. அடியாரைக் குறை சொல்ல அதில் இடமில்லை. ஆனால் கதை போகும் வழியைக் கவனிக்க வேண்டும். அரசவையில் நேராகாத ஒரு கணக்கு, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஆள்பலம் அற்ற ஒரு கிழவியின் வாசலில் போய் நிற்கிறது. புராணத்தில் அவளுக்காக மண் சுமக்கக் கடவுள் வந்தார். பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்லாமலே குடும்பத் தலைவர் போய்ச்சேர்ந்தால், வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் வட்டாட்சியர் அலுவலகப் படியேறப் போவது அவர் மனைவிதான். அவர் பேசிய பற்றின்மையின் செலவை அவள் கட்டுகிறாள்.

அந்தச் செலவு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு நீலகிரியிலேயே சாட்சி இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் வாழும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களின் முன்கதை, இல்லாமல் போன காகிதங்களின் கதை. 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்த மண்ணில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. தோட்ட லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த தலைமுறைகளுக்குப் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் குடியிருந்த ஆண்டுகளுக்கு ஆதாரம் கேட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. மிச்சம் இருந்தவர்களை 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் விரிந்தன. 1976இல் அவை டேன்டீ என்ற கழகமாயின. கப்பலேறி வந்தவர்கள் கையில் இருந்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும்தான் இங்கே மறுவாழ்வுக்கு ஆதாரம். அந்தக் காகிதங்களைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்த பாட்டியைப் பற்றுள்ளவள் என்று எந்த ஞானி சொல்லிவிட முடியும்?

இங்கே கடுமையான ஒரு மறுப்பு எழும். இந்த வரலாறு காட்டுவது காகிதத்தின் கொடுமையைத்தானே? உழைத்தவனின் வியர்வையை நம்பாமல் அவன் பாட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்டது அதிகாரம். அதற்கு ஏற்பக் கோப்புகளை அடுக்கி வைக்கச் சொல்வது அடிமைத்தனத்தை ஒழுக்கம் என்று போதிப்பதாகாதா? கூடலூரில் இந்தக் கேள்விக்குக் கனம் இன்னும் கூடுதல். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் குடியிருப்பவர்கள், கையில் எத்தனை ரசீது வைத்திருந்தாலும் பட்டா இல்லாமல், மின் இணைப்புக்குக்கூட அல்லாடியிருக்கிறார்கள். ஒழுங்கு நீதியை வாங்கித் தருவதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காகிதத்தை மட்டும் சாட்சியாக ஏற்பதும் அரசின் குற்றமே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய நீலகிரியின் பழங்குடியினர் எழுத்தில்லாமலே தங்கள் நிலத்தையும் உறவையும் கடமையையும் நினைவில் காத்தவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் ஒரு சான்றாக ஏற்றது அந்தக் குற்றத்துக்குத் தாமதமாக வந்த பரிகாரம். ஆனால் அந்த விதியும் வாக்குமூலத்தை எழுத்தில் பதியத்தான் சொல்கிறது. காரணம், சொன்னவர் நாளை இல்லாமல் போகலாம். அவர் சொல் இருக்க வேண்டும்.

காகிதத்தின் கொடுமை எங்கிருந்து வருகிறது என்று இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் எப்படி ஏறியது என்பது கங்காணிக்குத் தெரியும், தோட்டத்துக்குத் தெரியும். கடன்பட்டவனுக்கு மட்டும் தெரியாது. கணக்கு எழுதப்பட்டது அவனைக் கட்டவில்லை. ஒரு தரப்பின் கையில் மட்டும் எழுதப்பட்டதுதான் கட்டிப்போட்டது. ஆகவே எழுத்தைக் கைவிடுவதால் அவனுக்கு விடுதலை வராது. அவன் கையில் ஒரு பிரதி இருந்தால்தான் வரும். இன்றைய சிறு தேயிலை விவசாயியின் நாளிலும் இதைப் பார்க்கலாம். சாயங்காலம் இலை வாங்கும் ஏஜென்ட்டின் வண்டி வந்து நிற்கிறது. சாக்கு தராசில் ஏறுகிறது. சாக்கு எடைக்கு இவ்வளவு, மழை நாளானால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். அது மேல்சட்டைப் பையில் ஈரத்தோடு மடிந்து கிடக்கிறது. அன்றிரவே நோட்டில் ஏற்றாவிட்டால் விடிந்ததும் எண் தெரியாது. மாதக் கடைசியில் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலையை எந்த எடையோடு பெருக்குவது என்று வரும்போது, நோட்டு இல்லாதவர் ஏஜென்ட் சொல்வதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஏஜென்ட் நல்லவராகவே இருக்கட்டும்; அப்போதும் அவருடைய நேர்மையை நிரூபிக்க ஒரு வழியும் இல்லை. இரண்டாவது நோட்டு இரு தரப்பையும் காக்கிறது.

‘நமக்குள்ளே என்ன எழுத்து?’ என்பது அடுத்த மறுப்பு. அண்ணன் தம்பிக்கு நடுவே, பல வருஷம் பழகிய கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே எழுதி வைப்பது அவநம்பிக்கை அல்லவா? எல்லாக் கணக்கும் சித்திரகுப்தனிடம் இருக்கிறது, மனிதன் ஏன் தனியாக ஒன்று எழுத வேண்டும்? நம்பிக்கையின் பெயரால் வரும் இந்தக் கேள்விக்கு, நம்பிக்கையை மட்டுமே முதலாகக் கொண்ட ஒரு வேதநூலே பதில் சொல்லியிருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது. தொழுகையோ நோன்போ அதன் பொருள் அல்ல. கடனை எழுதி வைப்பது. அது அந்நியரைப் பற்றிப் பேசவில்லை. நம்பிக்கை கொண்டவர்களை அழைத்தே பேசுகிறது. தொகை சிறிதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது, எழுதுபவர் நியாயமாக எழுத வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர் என்பது அதன் சாரம். கடைசி அம்சம் துண்டு முறைக்கு நேர் எதிர்: கடன்பட்டவனின் வாயிலிருந்தே கணக்கு பிறக்கிறது. பாசம் உள்ளவர்களிடையே எழுத்து இருப்பது பாசத்தைச் சந்தேகிப்பதற்காக அல்ல. மறதிக்கு இரண்டு பேரும் ஆளாவோம் என்ற பணிவு அதில் இருக்கிறது. சித்திரகுப்தனுக்கு மறதியும் இல்லை, ஒருதலைப்பட்சமும் இல்லை. அதனால் அவர் ஒருவரே எழுதினால் போதும். நமக்கு இரண்டும் உண்டு.

இனி துறவுக்கு வருவோம். பற்றற்றவனுக்குக் கணக்கெதற்கு என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த பதில் காந்தி. 1934இல் அரிஜன யாத்திரையின்போது குன்னூரில் வந்து தங்கிய அந்த மனிதரிடம் சொந்தம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கிய நாள் முதல் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுப்பதிலும் கணக்கைத் துல்லியமாக வைப்பதிலும் பிடிவாதமாக இருந்தார் என்பதை அவருடைய சுயசரிதையே விவரிக்கிறது. கணக்குச் சுத்தமாக இல்லாத இடத்தில் உண்மையைச் சுத்தமாகக் காப்பாற்ற முடியாது என்பது அவர் கருத்து. தன் பொருளை விடுவது துறவு. அடுத்தவர் பொருளுக்குக் கணக்கு சொல்லாமல் விடுவதற்கு வேறு பெயர். பட்டினத்தார் துறந்தது தம்முடைய செல்வத்தை. குடும்பத்தலைவர் கையில் இருக்கும் பத்திரமோ, பிள்ளைகளின் சான்றிதழோ, கடைப்பையனின் சம்பளக் கணக்கோ, தோட்டத் தொழிலாளியின் வைப்பு நிதி எண்ணோ அவருடைய தனிச்சொத்தே அல்ல. துறக்க அவருக்கு உரிமை இல்லை.

ஒழுங்கே ஒரு நோயாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகலாம். பத்து வருஷத்துக்கு முந்தைய மின்கட்டண ரசீதைக்கூடக் கிழிக்க மனம் வராதவர் இருக்கிறார்; வாசலில் நிற்பவரைக் கவனிக்காமல் நோட்டுக்குக் கோடு போடுபவரும் இருக்கிறார். நம் பண்டிகைகளே இதற்கு அளவு சொல்கின்றன. சரஸ்வதி பூஜை வைக்க வேண்டியதை வைக்கச் சொல்கிறது; போகி கழிக்க வேண்டியதைக் கழிக்கச் சொல்கிறது. வருஷத்துக்கு இரண்டு நாள் காகிதப்பெட்டியைத் திறந்து இந்த இரண்டையும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. கிரையப் பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்று, சாதிச் சான்று, வைப்பு நிதி, காப்பீடு என்று காலத்துக்கும் வைக்க வேண்டியவை ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். ஆறு மாதம் ஈரம் இறங்காத இந்த மலையில் மரப்பெட்டியின் அடியில் வைத்த தாள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றை அவ்வப்போது வெயிலில் பிரித்துப் பார்ப்பதும் அந்த முறையின் பகுதிதான். எல்லாம் கைபேசியில் வந்துவிட்டதே என்பதும் முழுப் பதிலாகாது. தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று இருந்தால் கணினி அந்தத் தவறை அப்படியே பத்திரமாகக் காக்கும்.

ஆகவே அறமா பற்றா என்ற கேள்வியைக் காகிதத்தைப் பார்த்துத் தீர்க்க முடியாது. அதைத் திறக்கக்கூடியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பீரோ சாவி ஒருவர் இடுப்பிலும், பத்திரம் இருக்கும் இடம் ஒருவர் மனதிலும் மட்டும் இருந்தால், எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் அது பற்றுதான். கங்காணியின் நோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. அவர் ஊரில் இல்லாத நாளில் மனைவியோ மகளோ ஐந்து நிமிஷத்தில் வேண்டிய தாளை எடுத்துவிட முடிந்தால், கடையில் வேலை பார்ப்பவர் தன் பற்று வரவைத் தானே புரட்டிப் பார்க்க முடிந்தால், அது அறம். நம் வீடுகளில் பெரும்பாலும் சாமி விளக்கேற்றுவது பெண்ணின் பொறுப்பு, பத்திரம் ஆணின் பொறுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினையை முதலில் உடைக்க வேண்டும். அடுத்த சரஸ்வதி பூஜைக்கு நோட்டின் மேல் பொட்டு வைப்பதற்கு முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வைக்கலாம்.