நாவின் தீர்ப்பும் மார்க்கத்தின் தீர்ப்பும்

உண்ணும் பொருளைக் குறித்துத் தீர்ப்புக் கூற மனிதனுக்கு இரண்டு மன்றங்கள் உள்ளன. ஒன்று மார்க்கம், மற்றொன்று நாவு. மார்க்கம் ‘ஆகும், ஆகாது’ என்று கூறுகிறது. நாவு ‘பிடிக்கும், பிடிக்காது’ என்று கூறுகிறது. முதல் தீர்ப்புக்கு இறைவேதமும் நபிமொழியும் சான்று. இரண்டாவது தீர்ப்புக்குப் பிறந்த ஊரும் தாயின் அடுக்களையுமே சான்று. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை அறியாதார் இலர். ஆயினும், பழக்கமில்லாத உணவொன்று முன்னே வந்து அமரும்போது, நம்மிற் பலர் ஒரு மன்றத்தின் தீர்ப்பில் மற்றொரு மன்றத்தின் முத்திரையைக் குத்திவிடுகின்றனர். அதனால் விளையும் கேடு சிறிதன்று.

திருநீர்மலை என்றதும் நீர்சூழ்ந்த குன்றும் அதன்மேல் நிற்கும் பழம்பெரும் வைணவக் கோயிலுமே மூத்தோர் நினைவுக்கு வரும். 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அப்பேரூரும் அதனுள் அடங்கிற்று. ஊர் வளர்ந்தது, உணவும் வளர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல் என எப்பக்கம் சென்றாலும், பொழுது சாய்ந்ததும் பெருந்தீயின்மேல் இரும்புச் சட்டி புரளும் ஓசை கேட்கிறது. ஃப்ரைட் ரைஸும் நூடுல்ஸும் நம் பிள்ளைகளுக்கு இடியாப்பத்தைப்போல் பழகிவிட்டன. கோபி மஞ்சூரியனைச் சீனத்துப் பண்டமென்றே அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் மஞ்சூரியன் என்பது, கல்கத்தாவிற் பிறந்த சீனரான நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் 1975ஆம் ஆண்டு மும்பையில் படைத்தது என்பர். மஞ்சூரியா நாட்டார் அதனை அறியார்.

இவ்வகைக் கடைகளால் மனக்குழப்பம் மிகுதியாய் எழுவதில்லை. அண்மைக்காலத்தில் பெருகிவரும் சிறு சீன உணவகங்கள் வேறு வகையின. நாற்காலி, மேசை எளியவைதாம். விலையும் நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதே. ஆனால் உணவுப் பட்டியலில் கோழியின் பாதம், கறுத்த முட்டை, கணவாய், சோயாப் பாலைத் திரித்துக் கட்டிய தோஃபு என நாம் கேட்டறியாத பெயர்கள் நிற்கின்றன.

அத்தகைய கடையொன்றில் நம் குடும்பமொன்று அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த மகன் அத்தாவையும் உம்மாவையும் நன்னியையும் தங்கையையும் அழைத்து வந்திருக்கிறான். பட்டியலைப் புரட்டிய தங்கை, “அண்ணே, கோழிப் பாதமாம்! கறுப்பு முட்டையாம்!” என்று வியக்கிறாள். நன்னி முகம் சுளித்து, “தவ்பா, தவ்பா! அதெல்லாம் ஹராம்” என்கிறார். மகனோ, “எல்லாரும் சாப்பிடுகிறார்கள் நன்னி, இதிலே என்ன இருக்கிறது?” என்று கூறிவிட்டு, எதில் என்ன கலந்திருக்கிறதென்று ஒரு சொல்லும் கேளாமல் நான்கு பண்டங்களைக் கொண்டுவரச் சொல்கிறான். நன்னி கூறிய ‘ஹராம்’ என்ற சொல்லும், பேரன் கூறிய ‘என்ன இருக்கிறது’ என்ற சொல்லும் ஒரே குழப்பத்தினின்று பிறந்தவை. அவர் நாவின் வெறுப்பை மார்க்கமாக்கினார். இவன் நாவின் விருப்பத்துக்காக மார்க்கத்தை மறந்தான்.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் விளக்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் விரிக்கப்பட்ட ஓர் உணவு விரிப்பிலேயே இருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்த அந்நிகழ்ச்சியைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவுசெய்துள்ளன. அன்னையாரின் சகோதரி நஜ்து நாட்டிலிருந்து கொணர்ந்திருந்த உடும்பு, சுடப்பட்டு விரிப்பின்மேல் வைக்கப்பட்டது. (இங்கே உடும்பென்றது, அரபியில் ‘ளப்பு’ எனப்படும் பாலைநிலத்து உயிரினம்.) பெருமானார் (ஸல்) கையை நீட்டியபோது, அங்கிருந்த பெண்கள், இன்னதென்று அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள் என்றனர். தெரிவிக்கப்பட்டதும் பெருமானார் கையை எடுத்துக்கொண்டனர். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி), இது ஹராமா என்று வினவினார்கள். இல்லை, என் மக்கள் வாழும் நிலத்தில் இது இருந்ததில்லை, ஆகவே என் மனம் இதனை ஏற்கவில்லை என்ற கருத்துப்பட விடை வந்தது. காலித் (ரலி) அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தனர்; தடுக்கவில்லை.

இந்த விரிப்பில் மூவகை மாந்தர் இருக்கின்றனர். உணவின் உண்மையை மறைக்காது கூறியவர். தம் மனத்துக்கு ஒவ்வாததை உண்ணாது விலகியவர். ஆகுமென்று அறிந்து மகிழ்வுடன் உண்டவர். மூவரில் எவரும் மற்றவரைப் பழிக்கவில்லை. படைப்பினங்களில் மிகத் தூய இயல்புடைய நபியின் வெறுப்பே காலித் (ரலி) அவர்களுக்குச் சட்டமாகவில்லை என்றால், நம் வெறுப்பு அடுத்தவருக்குச் சட்டமாவது எங்ஙனம்?

இவ்விடத்தில் கற்றவர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். “நல்லவற்றை ஆகுமாக்குவதும் ‘கபாயிஸ்’ எனும் அருவருக்கத்தக்கவற்றை விலக்குவதும் இந்நபியின் பணியென அல்அஃராஃப் அத்தியாயம் கூறுகிறதே! அப்படியானால் அருவருப்புக்கும் மார்க்கத்தில் இடமுண்டு அல்லவா?” என்பார். தடை வலிமையுடையதே. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள், வேறு சான்று கிடைக்காத உயிரினங்களைப் பற்றி முடிவுகாண, வளமான நிலையில் வாழ்ந்த நல்லியல்புடைய அரபு மக்களின் விருப்பு வெறுப்பை ஓர் அளவுகோலாகவே கொண்டனர். மாலிகி அறிஞர்களோ, கபாயிஸ் என்பது மார்க்கம் விலக்கியவற்றையே குறிக்குமென்றனர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அருவருப்புக்கு இடங்கொடுத்த அறிஞர்களும், ஒரு மக்கட் கூட்டத்தின் நிலைத்த இயல்புக்கே இடங்கொடுத்தனர். தனியொருவர் மூக்குக்கு இடங்கொடுக்கவில்லை. அதுவும் சான்றில்லாத இடத்தில் மட்டுமே. ஹனஃபி அறிஞர்கள் உடும்பை மக்ரூஹ் என்றதுங்கூட வேறு அறிவிப்புகளைச் சான்றாகக் கொண்டேயன்றித் தம் நாவைச் சான்றாகக் கொண்டன்று.

இனி அந்தச் சீன உணவகத்தின் மேசைக்குத் திரும்பி, ஒவ்வொரு தட்டாய் நோக்குவோம். கோழியின் பாதத்தை நன்னி வெறுக்கிறார். ஆனால் அவரே நோன்புப் பெருநாளில் ஆட்டுக்கால் பாயாவை எலும்பு உறிஞ்சி உண்பவர். முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் கால் ஆகுமென்றால், முறைப்படி அறுக்கப்பட்ட கோழியின் கால் ஆகாததற்குக் காரணமென்ன? கறுத்த முட்டை என்பது வாத்து முட்டையே. சுண்ணாம்பு, சாம்பல், உப்பு முதலியவற்றைக் குழைத்துப் பூசிப் பல வாரங்கள் வைத்திருப்பர். வெள்ளைக்கரு பழுப்புநிறப் பாகுபோலவும் மஞ்சட்கரு கரும்பச்சையாகவும் மாறிவிடும். காண்பதற்கு விந்தைதான், விலக்கப்பட்ட பொருளொன்றும் அதில் இல்லை. கருவாட்டையும் மாசியையும் மணக்க மணக்க உண்ணும் நாம் அதனை அழுகல் என்று இகழ்ந்தால், இகழ்ச்சி நமக்கே திரும்பும்.

கணவாயின் செய்தி வேறு. கடல்வாழ் உயிரினங்களில் மீனை மட்டுமே ஹனஃபி மத்ஹப் ஆகுமாக்கும். ஷாஃபிஈ மத்ஹபிலோ கடலின் வாயில் அகன்றது. ஆதலின் கீழக்கரையாரின் தட்டில் ஆகுமான கணவாய், அருகிலமர்ந்த வாணியம்பாடியாரின் தட்டில் ஆகாததாகலாம். இருவரும் தத்தம் இமாமைப் பின்பற்றுவோரே. ஒருவர் மற்றவரை ஏளனஞ்செய்ய இடமில்லை. தவளைக் கறியோ இவ்விரு மத்ஹபுகளிலும் ஆகாது; அதனைக் கொல்வதைத் தடுத்த நபிமொழி அதற்குச் சான்று. பன்றி இறைச்சியும், அதன் கொழுப்பும், சமையலில் ஊற்றப்படும் அரிசி மதுவும் ஐயத்துக்கு இடமின்றி விலக்கப்பட்டவை. அவற்றின் சுவையைப் புகழ்ந்து எத்துணைப் பேர் எழுதினும் அவ்விலக்கு அசையாது.

ஆக, விந்தையாய்த் தோன்றிய தட்டு ஆகுமானதாக இருக்கக்கூடும். பழகிய தட்டு ஆகாததாக இருக்கக்கூடும். நன்னி அஞ்சிய கறுப்பு முட்டையைவிட, எல்லாரும் விரும்பும் வறுத்த சோற்றில்தான் விசாரிக்க வேண்டியது மிகுதி. கோழியை அறுத்தவர் யார்? பன்றி வறுத்த சட்டியிலேயே இதுவும் வறுக்கப்பட்டதா? மது ஊற்றப்பட்டதா? இவற்றைக் கேட்பது நாகரிகக் குறைவன்று. உணவு இன்னதென்று பெயர் சொல்லப்படும்வரை பெருமானார் (ஸல்) கை நீட்டுவது அரிது என்று மேற்கண்ட அறிவிப்பே கூறுகிறது. வேதக்காரரின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) வினவியபோது, வேறு கிடைக்குமாயின் அவற்றைத் தவிர்க்கவும், கிடைக்காவிடில் கழுவிவிட்டு அவற்றில் உண்ணவும் வழிகாட்டப்பட்டது. விடை தெளிவாய்க் கிடைக்காத கடையில் உண்ணாது எழுந்துவருவதே பேணுதல். ஆனால் கேட்டு, நேர்மையான விடையும் கிடைத்தபின், மேலும் மேலும் துருவி அடுப்படிவரை நுழைவது பேணுதலன்று. ‘வஸ்வாஸ்’ எனும் மனநோய்.

கடைக்காரருக்கும் கடமையுண்டு. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்ற அந்தப் பெண்களின் சொல், உணவு பரிமாறுவோர் அனைவருக்கும் சட்டமாகத்தக்கது. உண்பவனின் நம்பிக்கை எதுவாயினும், தட்டில் இருப்பது இன்னதென்று அறிய அவனுக்கு உரிமையுண்டு. இறைச்சி தொடாத பக்கத்துவீட்டு வைணவருக்கும் அதே உரிமையுண்டு.

சீனமென்றாலே ஹராம் என்று எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். சீனத்தில் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்கின்றனர். அவர்தம் உணவகங்களின் பெயர்ப்பலகையில், தூய்மையும் உண்மையும் என்று பொருள்படும் ‘சிங்ஜென்’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். லான்ஜோ நகரின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் ஹுய் முஸ்லிம்களின் கைவண்ணம். சியான் நகரில், கெட்டியான ரொட்டியை உண்பவரே கிண்ணத்தில் பிய்த்துப் போட, அதன்மேல் ஆட்டிறைச்சிச் சாற்றை ஊற்றித் தருவர். பெருமானார் (ஸல்) விரும்பிய ‘தரீத்’ நினைவுக்கு வரவில்லையா? நம் அடுக்களையிலும் சீனச்சட்டி தொங்குகிறது. தேநீரில் சீனி கரைகிறது. மன்னார் வளைகுடாவின் கடல் அட்டையை, 2001ஆம் ஆண்டு அரசு தடைசெய்யும்வரை, நம் கடலோர மக்கள் பல தலைமுறைகளாகப் பிடித்து, அவித்து, உலர்த்திச் சீனர் உண்பதற்கென்றே அனுப்பிவந்தனர். தாம் உண்ணக் கூசிய அப்பொருளின் விலையில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது.

உணவை இகழும் நாவு அங்கேயே நின்றுவிடுவதில்லை. உண்பவரையும் இகழத் தொடங்கும். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில், சீனரின் உணவைக் காரணங்காட்டி வெறுப்பு விதைக்கப்பட்டது. நம் நாட்டின் வடகிழக்கு மாநிலத்தார், முகச்சாயல் ஒன்றையே குற்றமாகக் கொண்டு, நகரத் தெருக்களில் இழிவுபடுத்தப்பட்டனர். இன்று சென்னைப் புறநகர்ச் சீன உணவகங்களில் நமக்குப் பரிமாறும் பிள்ளைகளிற் பலர் அம்மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். நாம் முகம் சுளிக்கும்போது அவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றனர்.

அந்தச் சுளிப்பின் வலியை நாம் அறியாதவர்களா? நாகல்கேணியிலும் பல்லாவரத்திலும் தோல் பதனிட்ட நம்மவரைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. கல்கத்தாவின் டாங்ராவில் அதே தொழிலைச் செய்த ஹக்காச் சீனரும் அவ்வாறே ஒதுக்கப்பட்டனர். பின்னர் அவர்தம் தோற்கொட்டகைகள் சில உணவகங்களாயின. நாம் உண்ணும் இறைச்சிக்காக வாடகை வீடு மறுக்கப்படுவதும் உண்டு. நம் தட்டை அருவருத்தவரிடம் நாம் கேட்பது யாது? “உங்களுக்கு வேண்டாமென்றால் உண்ணவேண்டா, எங்களை இழிவாய்க் கருதவேண்டா” என்பதே. அதே நீதியைப் பிறர் தட்டுக்கும் வழங்காதவன், தனக்கு அதனைக் கோரும் தகுதியை இழக்கிறான்.

பெருமானார் (ஸல்) எந்த உணவையும் ஒருபோதும் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்று அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே, நன்னி கோழிப் பாதத்தை உண்ணவேண்டுமென்று எவரும் வற்புறுத்த வேண்டுவதில்லை. “எனக்கு ஒத்துக்கொள்ளாது, நீங்கள் உண்ணுங்கள்” என்று அவர் கூறினால் அது சுன்னத்தான சொல். பேரனோ பரிமாறுபவரை மரியாதையுடன் அழைத்து, “தம்பி, இதில் என்னென்ன சேர்க்கிறீர்கள்?” என்று கேட்டறிந்து, ஆகாததை விலக்கி, ஆகுமானதைப் பிஸ்மில்லாஹ் கூறி உண்ணட்டும். தங்கை இருவரையும் பார்த்து வளர்கிறாள். விலக்கென்பது எது, விருப்பமென்பது எது என்பதை அவள் கற்கும் இடம் அந்த மேசையே.