வெளுத்த பாஷை

வயது வந்த பிறகு புதிய பாஷை ஒன்றை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அறிவைத் தேடும் காரியம் என்பதால் அதற்கு ஒரு தார்மீக கௌரவமும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. இந்தச் சுகத்தை நாம் போதிய அளவு சந்தேகித்ததில்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து ஓர் இளைஞன் தில்லியிலோ ஹைதராபாத்திலோ பல்கலைக்கழக இத்தாலியன் வகுப்பில் போய் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆங்கிலம் கற்றதற்கு வயிறு காரணம். இத்தாலியனுக்கு அப்படி நிர்ப்பந்தம் ஏதும் இல்லை. முதல் மாதத்தில் அவன் சொல்லக் கற்பதெல்லாம் தன் பெயர் இன்னது, தான் ஒரு மாணவன், தனக்குக் காப்பி பிடிக்கும் என்பவைதான். ஆனால் இந்த மூன்று வாக்கியங்களில் அவனுக்கு வாய்க்கும் விடுதலை சாமான்யமானதல்ல. தமிழில் அவன் இரண்டு வாக்கியம் பேசினால் ஊர் தெரிந்துவிடும். மூன்றாவதில் தெருவும் தெரிந்துவிடும். இத்தாலியனில் அவன் செய்யும் பிழைகளுக்குக்கூட ஜாதி கிடையாது.

வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து ஆங்கிலத்தில் புகழ்பெற்ற ஜும்பா லாஹிரி, 2012இல் ரோமில் குடியேறி, இத்தாலியனிலேயே எழுதி 2015இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு பாஷை, வெளி பாஷை இரண்டின் அதிகாரத்திலிருந்தும் விலகி, திக்கித் திக்கிப் பேசும் ஒரு மூன்றாவது இடத்தை அவர் தேடிக்கொண்டார். இதைப் பணக்கார விளையாட்டு என்று தள்ளுவது எளிது. நான் தள்ளமாட்டேன். பிறப்பால் கிடைக்காத ஒன்றோடு உறவு கொள்வது மனிதனுக்கு உள்ள சில சுதந்திரங்களில் ஒன்று.

என் கேள்வி வேறு. அவன் கைக்கு வந்திருக்கும் இந்த அழுக்கில்லாத பாஷை எங்கிருந்து வந்தது?

சாந்திநிகேதனுக்கு 1925இல் இத்தாலியிலிருந்து ஃபோர்மிக்கியும் தூச்சியும் வந்தார்கள். தூச்சி அங்கே இத்தாலியனும் கற்பித்தார். கூடவே முசோலினியின் அன்பளிப்பாகப் புத்தகங்களும் வந்தன. மறுவருஷம் தாகூர் இத்தாலிக்குப் போய் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்து, பிறகு பகிரங்கமாக மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. ஆனால் இது அரசியல் என்று ஒதுக்கிவிடக் கூடியது. நான் சொல்ல வருவது பாஷைக்கு உள்ளேயே இருப்பது.

1861இல் இத்தாலி ஒரே ராஜ்யமானபோது, இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்பது துல்லியோ தெ மவுரோவின் மதிப்பீடு. கணக்கைத் தாராளமாகப் போடுகிறவர்களும் நூற்றுக்குப் பத்தை ஒட்டியே நிற்கிறார்கள். மற்றவர்கள் பேசியது மிலானியம், வெனீசியம், நாப்போலித்தானியம், சார்தீனியம். ஆக, இத்தாலியனை முதன்முதலில் அரிச்சுவடியிலிருந்து கற்க நேர்ந்த பெருங்கூட்டம் இத்தாலியர்களேதான். நம் இளைஞன் இப்போது உட்காரும் பெஞ்சில் அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் முதல் மாணவன் என்று மன்ஸோனியைச் சொல்லலாம். 1785இல் மிலானில் பிறந்தவர். வாய்க்குப் பழகியவை மிலானியமும் பிரெஞ்சும். 1827இல் தன் பெரிய நாவலை வெளியிட்ட கையோடு ஃப்ளாரென்ஸுக்குப் போனார். அங்கே படித்தவர்கள் வாயில் கேட்ட பாஷைதான் தான் எழுதியிருக்க வேண்டியது என்று தீர்மானித்து, முழு நாவலையும் வாக்கியம் வாக்கியமாகத் திருத்தி 1840 முதல் 1842 வரை மறுபடி வெளியிட்டார். பின்னால் 1868இல், தேசம் முழுவதும் இந்தப் பாஷையையே பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிக்கையும் கொடுத்தார். ஃப்ளாரென்ஸ் நகரத்து ஆறு ஆர்னோ. மன்ஸோனி தன் துணியை ஆர்னோவில் அலசினார் என்பது இன்று இத்தாலியில் பழமொழி மாதிரி. நடையைச் சுத்தம் செய்துகொள்கிற எவரைப் பற்றியும் அப்படிச் சொல்கிறார்கள்.

பழமொழி ஒன்றை விழுங்கிவிட்டது. மன்ஸோனி வீட்டில் எமிலியா லூத்தி என்ற ஃப்ளாரென்ஸ் பெண் இருந்தாள். குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகம். திருத்தும் வேலையில் எந்தச் சொல் தன் ஊரில் உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் அவள் முக்கியமானவள். நாவலின் பிரதி ஒன்றை மன்ஸோனி அவளுக்குக் கொடுத்தபோது, ஆர்னோவில் அவள் அலசிக்கொடுத்த கந்தல்கள் இவை என்று நன்றியோடு எழுதினார். அலசியது அவள் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பழமொழியில் துறையில் நிற்பது அவர் மட்டும்தான். எழுதியவருக்கு நன்றி இருந்தது, பாஷைக்கு இல்லை.

தாமிரபரணிக் கரையில், வண்ணார்பேட்டை என்று பெயருள்ள இடத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு அலசுவது உருவகமாக மட்டும் தெரிய நியாயமில்லை. வெளுப்பு என்பது உவர்மண், வெள்ளாவி, துறைக்கல், முதுகுவலி. துணிக்கு இடும் குறி சேங்கொட்டைப் பாலில் போட்டது. துணிக்குச் சொந்தக்காரனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இன்னும் கீழே போனால், திருநெல்வேலி ஜில்லாவில் தாழ்த்தப்பட்டவர்களின் துணியை வெளுத்தவர்கள், பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது என்று விதிக்கப்பட்டு இரவிலேயே வேலை செய்தார்கள் என்பது 1932 டிசம்பரில் ஆங்கிலப் பத்திரிகையில் பதிவாயிற்று. வெளுத்த கை மறைய வேண்டும் என்பது இங்கே சட்டமாகவே இருந்திருக்கிறது. இன்று பேட்டையில் ஆஸ்பத்திரிகளும் மேம்பாலமும். பெயர் மட்டும் மாறவில்லை, நல்லவேளையாக.

எதிர்த் திசையில் வந்த ஒரு மாணவரையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று சொல்கிறவர், முப்பது வயதில் இந்தப் பக்கம் வந்து காமநாயக்கன்பட்டியிலும் பிற இடங்களிலும் இருந்தார். தேம்பாவணியைக் கொண்டாடுகிற நாம் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. லத்தீனில் எழுதி 1728இல் முடித்தது. அவர் கண்டனம் எழுதிய தரங்கம்பாடி லுத்தரன்காரர்களே 1738இல் அதை அச்சிட்டார்கள். தெருவில் பேசும் தமிழுக்கு இலக்கணம் உண்டு என்பது நம் புலவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியது, வெளியிலிருந்து வந்து ஆனா ஆவன்னாவில் தொடங்கியவர்களுக்கு: புன்னைக்காயலில் ஹென்ரிக்கஸ், தரங்கம்பாடியில் சீகன்பால்க், பிறகு இவர். வீட்டுக்காரன் கேட்க மறுத்த குரல்களை ஆரம்ப மாணவனின் திண்டாட்டம் கேட்டுவிடுகிறது. மதம் பரப்ப வந்தவர்கள் என்பதில் மயக்கம் வேண்டாம், ஆனால் கேட்டார்கள். பெஸ்கிக்குச் செந்தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்று மரபு ஒரு பெயரை வைத்திருக்கிறது. கொடுந்தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பெயரை எந்த மரபும் வைக்கவில்லை.

பல்கலைக்கழகத்து மாணவனுக்கு இந்தத் திண்டாட்டம் மறுக்கப்படுகிறது. அவன் வெளுத்த முனையிலிருந்து தொடங்குகிறான். முன்பின் தெரியாதவரை மரியாதையாக அழைக்க அவனுக்குச் சொல்லித்தரும் வார்த்தை ‘லேய்’. (நம் பக்கத்தில் அதே ஒலியை மாமனாரிடம் பிரயோகித்துப் பார்க்கலாம்.) 1938இல் ஃபாஸிஸ்ட் அரசாங்கம் அந்த ‘லேய்’ ஆண்மையற்றது, அந்நியமானது என்று விலக்கி, ‘வோய்’ என்றே அழைக்க வேண்டும் என்று ஆணையிட்டது பாடப்புத்தகத்தில் இருந்தாலும் ஓர் அடிக்குறிப்பாகத்தான் இருக்கும்.

பிறவினை, செயப்பாட்டு வினையோடு மல்லாடுகிறவன் தலையில் இத்தனை சரித்திரத்தையும் ஏற்ற வேண்டுமா என்று கேட்கலாம். முதல் பாடத்தில் வேண்டாம். ஆனால் தன் மூன்று வாக்கியங்களில் ஜாதி இல்லை என்று அவன் மகிழ்வதற்கும், அந்தப் பாஷைக்கே ஜாதி இல்லை என்று நம்பத் தொடங்குவதற்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு. அப்படி நம்பிவிட்டவன் லீவில் ஊருக்கு வந்ததும் செய்யும் முதல் காரியம் தாயாரின் ‘அவிய’வைத் திருத்துவதுதான். இது கற்பனை அல்ல. இத்தாலியில் பள்ளிக்கூடம் மூன்று தலைமுறை செய்தது இதையே.

சார்தீனியாவிலிருந்து 1911இல் தூரின் பல்கலைக்கழகத்துக்குப் போய் மொழியியல் படித்த கிராம்சி, 1927இல் சிறையிலிருந்து தங்கை தெரெசினாவுக்கு எழுதும்போது, அவள் பிள்ளையைச் சார்தீனியம் பேச விடச் சொன்னார். வீட்டில் இன்னொரு குழந்தைக்கு அதைத் தடுத்தது தவறு என்பது அவர் எண்ணம். அதே கிராம்சி, வட்டார பாஷை மட்டுமே தெரிந்தவனின் உலகம் குறுகிப்போகிறது என்றும் சிறைக் குறிப்பில் எழுதினார், எழுதியது இத்தாலியனில். இரண்டையும் ஒரே மனிதர் சொன்னதில் முரண்பாடு இல்லை. அழுக்கைப் போற்றவும் இல்லை, வெளுப்பை நம்பிவிடவும் இல்லை. எனக்கு இந்த நிலை ஏற்புடையது, நம்மில் பலருக்கு இது அசௌகரியமாக இருந்தபோதிலும்.

நம் இளைஞன் இரண்டாம் வருஷத்தில் மன்ஸோனியிடம் வந்து சேர்வான். வகுப்பில் கொடுப்பது 1840இன் பதிப்பு. ஆற்றோடு என்ன போயிற்று என்று பார்க்க 1827ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை அவனேதான் நூலகத்தில் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.