அரை மனசோடு போனால் போதாதா?

"அவனுக்கா மனசு வரணும்." குடிநோயோ போதை நோயோ நுழைந்த வீட்டில் இந்த வாக்கியம் ஒலிக்காத நாள் இருக்காது. ஆறுதலாகவும் சொல்கிறோம், கைகழுவுவதற்கும் சொல்கிறோம். மனசு வராதவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் என்ன பயன்? மனசு வந்துவிட்டால் அவனே விட்டுவிடுவான், அப்புறம் மருத்துவமனை எதற்கு? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்த நிலையிலும் மருத்துவரிடம் போகத் தேவையில்லை என்றாகிவிடுகிறது. பல வீடுகளில் அப்படித்தான் வருஷங்கள் ஓடிப்போகின்றன.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி, கடலூர் அதிகம் பழகியிராத ஒரு பொருளின் வழியாக வந்தது. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன், வீட்டிலிருந்தே வேலை என்று சில மாதங்கள் திருப்பாதிரிப்புலியூரில் வந்து தங்கினான். ஒரு நாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சொன்னான்: "சித்தப்பா, நான் அடிமைன்னு எல்லாம் நெனைக்காதீங்க. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள்தான். ஆனா சம்பளம் ஏறுன அன்னிக்குக் கை நிக்க மாட்டேங்குது." அவன் சொன்னது குடியை என்று நினைத்தேன். கொக்கைன்.

அடிமை இல்லை என்பதும் கை நிற்கவில்லை என்பதும் ஒரே மூச்சில் வந்தன. அவன் பொய் சொல்லவில்லை. இரண்டையும் அவன் உண்மையாகவே நம்பினான். அந்த நோயின் நிலை அப்படிப்பட்டது.

கொக்கைன் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி, சினிமாக்காரர்களின் சங்கதி என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். 2025 ஜூனில் சென்னையில் திரைப்பட நடிகர்கள் கொக்கைன் வழக்கில் கைதானபோது தொலைக்காட்சிகளும் அப்படித்தான் பேசின. ஆனால் நூறு வருஷங்களுக்கு முன்பே கல்கத்தா போன்ற நகரங்களில் சாதாரண மனிதர்கள் வெற்றிலையில் வைத்துக் கொக்கைன் மென்றிருக்கிறார்கள். வெள்ளை அரசு அதைத் தடுக்கப் படாத பாடு பட்டது. இன்றைய கணக்கில் அது சிறியதுதான். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி, கொக்கைன் எடுப்போர் சுமார் 10 லட்சத்து 70 ஆயிரம். அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறொரு எண். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருந்து, வார்டு, ஆலோசனை என்று ஊருக்குத் தெரிந்த வழிகள் உள்ள குடிநோய்க்கே இந்த நிலை. மீதி 37 பேருக்கும் மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வேண்டாம்.

அண்ணன் மகனின் பயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலாவது போலீஸ். மருத்துவரிடம் கொக்கைன் என்று வாயைத் திறந்தால் ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும் என்று நம்பினான். படித்தவன்தான். கைது செய்திகளைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. சட்டம் சொல்வது வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. கடுமையானது என்று பெயரெடுத்த 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ (கொக்கைனுக்கு அது 2 கிராம்) வழக்குக்கு ஆளாகும் அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போகலாம். விற்றவருக்கு இது பொருந்தாது. எல்லாப் பயத்தையும் போக்கிவிடும் சட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மருத்துவமனையின் வாசல் காவல் நிலையத்தின் பின்வாசல் இல்லை என்பதை அவனிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இரண்டாவது பயம் மறுவாழ்வு மையம். ராத்திரியில் வேன் வரும், நாலு பேர் கையைக் காலைப் பிடித்து ஏற்றுவார்கள், மூன்று மாதம் வெளிவாசல் பார்க்க முடியாது என்ற கதைகள். அப்படி ஏற்றப்பட்டவர்களை நானும் அறிவேன். திரும்பி வந்து வீட்டாரோடு வருஷக்கணக்கில் பேசாதவர்கள் உண்டு. சிகிச்சை என்ற சொல்லே அவர்களுக்குக் கசந்துவிட்டது. ஓ.பி. என்ற ஒன்று இருப்பதும், காலையில் போய்ச் சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்பதும் அவன் மனதில் எழவே இல்லை. கைது, வேன், அல்லது தானாக விடுவது என்ற மூன்றுதான் அவனுக்குத் தெரிந்திருந்தன. ஆகவே தானாக விடுகிறேன் என்றான்.

இந்த இடத்தில் கொக்கைனுக்கும் குடிக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு "இன்னியோட விட்டுடு" என்று சத்தியம் வாங்குவது ஆபத்து. அவருக்குப் படுக்கையும் மருந்தும் கண்காணிப்பும் வேண்டும். கொக்கைனை நிறுத்தினால் பொதுவாக அப்படி ஆவதில்லை. உடம்பு சோர்ந்து விழும், தூக்கம் தாறுமாறாகும், பசி எடுக்கும், மனசு இருட்டிக்கொண்டு வரும். அந்த இருட்டில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். வந்தால் ஓ.பி.யின் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலிக்கும் அதே விதிதான், வயது இருபத்தெட்டே ஆனாலும். கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் பல மடங்கு ஏறுகிறது. இவை இல்லாதவருக்கு, வீட்டில் ஒருவராவது நிதானமாக உடன் இருப்பவருக்கு, ஓ.பி. சிகிச்சை ஒரு நியாயமான தொடக்கம்.

தொடக்கம் என்றுதான் சொல்கிறேன். குடிக்கும் அபினுக்கும் இருப்பதுபோல் கொக்கைன் அடிமைத்தனத்துக்கென்று நிறுவப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. இருப்பது பேச்சு வழிச் சிகிச்சைதான். எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் ஆசை வருகிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த இடங்களில் வேறு வழி பழகுவது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இன்னொன்றும் செய்கின்றன. சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லை என்று வந்தால், அன்றைக்கே ஒரு சிறு பரிசு. பெரிய மனிதர்களுக்கு மிட்டாயா என்று கேட்கத் தோன்றும். கொக்கைன் போன்ற தூண்டு போதைகளுக்கு இதுவரை சோதித்தவற்றில் அதிகம் பலன் தந்தது அதுதான். எப்போதோ வரப்போகும் நல்வாழ்வை அந்த மூளையால் எட்டிப் பிடிக்க முடிவதில்லை, இன்றைக்குக் கைக்கு வருவதைப் பிடிக்க முடிகிறது. நம் ஊர் மருத்துவமனைகளின் அனுபவம் பெரும்பாலும் குடியைச் சுற்றியே வளர்ந்தது. கொக்கைன் என்றதும் எல்லாம் கைவசம் தயாராக இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். போகாமலிருக்க அது காரணமும் ஆகாது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு, பேசப் பழகியவர்கள் உண்டு, பரிசோதனை உண்டு.

ஓ.பி.யின் பலவீனம் வெளிப்படையானது. மருத்துவரைப் பார்த்துவிட்டு அதே தெருவுக்கு, அதே கைப்பேசிக்குத் திரும்புகிறோம். இவன் விஷயத்தில் தெரு மாறியிருந்தது. சரக்குத் தருபவன் பெங்களூரில், இவன் கடலூரில். இந்தத் தொலைவே பாதி சிகிச்சை என்று முதலில் எனக்கும் தோன்றியது. அவனோடு பேசப் பேசத்தான் வேறு விளங்கியது. ஒருநாள்கூட அவன் வெறும் கொக்கைனோடு தொடங்கியதில்லை. முதலில் நண்பர்களோடு குடி, அதன் மேல்தான் அது. இரண்டும் சேர்ந்தால் ஈரலில் கோக்காஎத்திலீன் என்ற மூன்றாவது பொருள் உருவாகிறது, அது கிறக்கத்தை நீட்டி இதயத்தை இன்னும் வருத்துகிறது. ஆக, குடி அப்படியே இருக்கட்டும், பொடியை மட்டும் விடுகிறேன் என்பது நடக்காத காரியம். கடலூரிலோ ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி, அங்கே மது விலையும் குறைவு. கொக்கைன் கிடைக்காத ஊர் என்று நான் நிம்மதியடைந்த ஊரில், அதற்கு முந்தைய படி ஊரெங்கும் கிடக்கிறது. மருத்துவர் முதல் நாளிலேயே மதுவைப் பற்றிக் கேட்பது இதனால்தான். கேட்டால் எரிச்சல்படாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்றபோது, "இந்த மாசம் வேலை இறுக்கம், அடுத்த மாசம் போலாம் சித்தப்பா" என்றான். பிறகும் அதையே சொன்னான். அண்ணி காதில் விழுந்திருந்தால், தள்ளிப்போடுகிறவன் திருந்த மாட்டான் என்றிருப்பாள். எனக்கு இந்த மண்ணின் நாளைப்போவார்தான் நினைவுக்கு வந்தார். ஆதனூர் நந்தனார் தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாள் கடத்தினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் தயங்கியது ஆசை குறைந்ததால் அல்ல. பிறப்பைச் சொல்லி உள்ளே விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். சாதி அவருக்குச் செய்ததையும் ஒரு பொறியாளனின் சங்கடத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், வைப்பது பாவம். ஒரு மனிதன் திரும்பத் திரும்ப நாளை என்றால், அவன் ஆசையைச் சந்தேகிக்கும் முன் வாசலில் எது மறித்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இவனை மறித்தது, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்பது. கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றால் நாலு பேராவது "என்ன தம்பி இங்க?" என்பார்கள். அதனால் சிதம்பரம் என்று பேசினோம். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுக் கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட இடம். பல் மருத்துவக் கல்லூரியும் அங்கேயே. பல் வலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறலாம். கடலூர்க்காரர்கள் சிதம்பரத்துக்கும் சிதம்பரத்தார் புதுச்சேரிக்குமாக இப்படி ஊர் மாறிப் போவது வெட்கத்தின் வேலைதான். வெட்கம் போன பிறகுதான் சிகிச்சை என்று காத்திருப்பதைவிட, வெட்கத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது மேல்.

மனசைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த அமைப்பு 1989 முதல் நம் காவிரிப் படுகையிலேயே, குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில், முகாம் நடத்தியது. பட்டணத்து மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்துக் குடிநோயாளிகளுக்கு ஊரிலேயே பதினைந்து நாள் சிகிச்சை. ஊர்க்காரர்கள் கூட நின்றார்கள், வீட்டாரும் பேச்சில் சேர்க்கப்பட்டார்கள், முகாம் முடிந்த பிறகும் தொடர்பு விடவில்லை. அந்த முகாமுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் முழு மனசோடு வந்திருப்பார்கள்? பெண்டாட்டி அழுததற்காக வந்தவர், வேலை கொடுப்பவர் சொன்னதற்காக வந்தவர் எல்லாரும் இருந்திருப்பார்கள். எந்தச் சிகிச்சை இடத்திலும் அப்படித்தான். மனசு வந்த பிறகு சிகிச்சை என்று வைத்தால் வார்டு காலியாகத்தான் கிடக்கும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதத் தொடங்கிய அணுகுமுறையே, விட வேண்டும் என்றும் விட முடியாது என்றும் ஒருவருக்குள் நடக்கும் இழுபறியை அவர் வாயாலேயே பேச வைப்பதுதான். அரை மனசு சிகிச்சைக்குத் தடை என்று நாம் நினைக்கிறோம். மருத்துவர் கையில் எடுத்து வேலை செய்வது அதைத்தான்.

அதனால் அவனிடம் விடு என்று நான் கேட்கவில்லை. விடுவதாகச் சத்தியமும் வாங்கவில்லை. போய் ஒரு தடவை பேசிவிட்டு வா, பேசிய பிறகும் வேண்டாமென்றால் அன்றைக்குச் சொல் என்றேன். வேலைநேரம், எடுத்த அளவு, கூடக் குடித்தது, தூக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். மருத்துவர் முன் உட்காரும் அந்தச் சில நிமிஷங்களில் வாய் அடைத்துப்போகும். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 டெலிமனஸ், போதை பற்றியே பேச 14446 என்ற இரண்டு எண்களையும் அவன் கைப்பேசியில் சேர்த்தோம். சம்பளம் ஏறும் நாளில் பெரும்பகுதியை வேறு கணக்குக்கு மாற்றிவிட அவனே யோசனை சொன்னான். அது என் யோசனையாக இருந்திருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த தேதிக்கும் போனான், அதற்கடுத்ததைத் தவறவிட்டான். பெங்களூர் நண்பர்கள் கடலூர் வந்த வார இறுதி அது. எடுத்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு டாக்டரைப் பார்ப்பது என்றான். காய்ச்சல் திரும்பினால் டாக்டரிடம் போகாமல் இருப்பாயா என்று கேட்டேன். எடுத்துவிட்டு வந்தவரைத்தான் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். தவறிய தேதியை வைத்துக் குடும்பம் நடத்தும் விசாரணைதான் ஆளை ஓ.பி.யிலிருந்து ஒரேயடியாக விரட்டுகிறது. மறுபடி போனான்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. டாக்டர் வீட்டில் ஒருவரையாவது பேச்சில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் சித்தப்பாவாக இருந்தால் போதும் என்கிறான். பெங்களூருக்குத் திரும்பும் நாளில் அப்பாவுக்குத் தெரிந்திருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு என்கிறேன் நான். சொன்னால் அண்ணன் முதலில் கத்துவார், அது நிச்சயம். கத்தி முடித்த பிறகு பையனோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறுவாரா என்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்த கருத்தில்லை. ஏறுவார் என்கிறேன் நான்.