வாடிய கொடிக்கு வார்த்த நீர்

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு செயல் கேட்டில் முடியுமாயின், அக்கேட்டிற்குப் பொறுப்பு யாருடையது? சேதனை தூயதாயின் வினையும் தூயதே என்று கூறி நம்மவருள் பலர் மன அமைதி கொள்கின்றனர். நாமும் அவ்வாறே கொண்டிருந்தோம். தில்லியில் நம் இல்லத்துச் சாளரத்தருகே வாடிய ஒரு தொட்டிக் கொடி அவ்வமைதியைக் குலைத்தது.

2023-ஆம் ஆண்டின் ஜனவரித் திங்கள் தில்லிவாழ் அன்பர்களுக்கு நினைவிருக்கும். 8-ஆம் நாள் சப்தர்ஜங்கில் வெப்பநிலை 1.9 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. நம் தொட்டியில் இருந்ததோ மணி பிளான்ட். பசிபிக் மாகடலின் மூரெயாத் தீவைத் தாயகமாகக் கொண்டு, வெம்மையிலே வளர்ந்து பழகிய கொடி. அதன் இலைகள் மஞ்சளித்துத் துவண்டன. நம்முடன் தங்கிப் பயிலும் தமக்கையின் மகனை அழைத்து, “ஓர் உயிருக்கு ஒரு குவளை நீர் வார்க்க உனக்கு நேரமில்லையா?” என்று கடிந்துகொண்டோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன், மறுமொழி கூறவில்லை. அன்றுமுதல் நாள்தோறும் தவறாது நீர் வார்த்தான். கொடி மேலும் துவண்டது.

இரு வாரம் கழித்துத் தொட்டியைத் தூக்கினோம். கனத்தது. அடித்தட்டில் நீர் தேங்கி நின்றது. மண்ணில் சேற்று நாற்றம். வேரிற் பெரும்பகுதி கறுத்து, விரல் பட்டதும் கூழாய்க் கழன்றது. நீரின்றி வாடும் இலையும், நீர் மிகுந்து வேரழுகியதால் வாடும் இலையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேரும் மூச்சுவிடுவது. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தை நீர் நிறைத்துவிட்டால் வேர் மடியும். வேர் மடிந்தபின், ஈரத்தின் நடுவே நின்றும் இலைக்கு நீர் ஏறாது. குளிர்காலத்தில் கொடி வளர்வதும் குறைவு, இலைவழியே ஆவியாவதும் குறைவு, மண் உலர்வதும் தாமதம். கோடையில் போதாத குவளை நீர் மார்கழியில் மிகையாகிவிடுகின்றது.

“மண் ஈரமாய்த்தான் இருந்தது, மாமா” என்றான் பையன். பின் ஏன் ஊற்றினாய் என்றோம்.

“ஊற்றாவிட்டால் கோபித்துக்கொள்வீர்களே.”

ஆராமதூசக ஜாதகத்தை அன்பர்கள் அறிவர். காசி மன்னனின் தோட்டக்காரன் திருவிழாக் காணச் சென்றபோது, செடிகளுக்கு நீர் வார்க்கும் பணியைக் குரங்குகளிடம் ஒப்படைத்தான். நீரை வீணாக்கலாகாது, ஒவ்வொரு செடியையும் பிடுங்கி வேரின் நீளம் கண்டு அதற்கேற்ப வாருங்கள் என்று குரங்குத் தலைவன் பணித்தது. மற்றவை அவ்வண்ணமே செய்தன. வழிவந்த அறிஞர் ஒருவர் ஏனென்று வினவ, எங்கள் தலைவனின் கட்டளை என்றன.

இக்கதையைக் கூட்டங்களில் நாம் பலமுறை சொல்லி நகைத்ததுண்டு. நகைப்பெல்லாம் செடி பிடுங்கிய குரங்குகளைக் குறித்தே. கட்டளை யாருடையது என்று நின்று எண்ணியதில்லை. அவற்றுள் ஒன்றுக்கேனும் இது தகாது என்று தோன்றியிருக்கலாம். கதை அதைச் சொல்லவில்லை. நம் இல்லத்திலோ மண்ணைத் தொட்டறிந்தவன் சிறுவன்; தொடாமலே ஆணையிட்டவர் நாம்.

சேதனை என்னாயிற்று? கொடியின்மீது கொண்ட இரக்கமே நம்மைப் பேசச் செய்தது என்று அன்று உறுதியாய் நம்பினோம். இரக்கமாயின் முதலில் மண்ணில் விரலை வைத்துப் பார்த்திருப்போம். அன்று பேசியது சினம். சேதனையே வினை என்னும் கொள்கையில் பிழை காண நாம் துணியோம். நம் சேதனை இன்னதென்று ஆராயாமலே அதனைத் தூயதென்று எழுதிக்கொண்டோம், அதுவே நாம் செய்த பிழை. வேர்களின் அழுகலைவிட, அறிந்ததைச் சொல்ல அஞ்சி நின்ற அச்சிறுவனே நம்மை உறுத்தினான்.

கறுத்த வேர்களைக் கத்தரித்து, வெளிறி உறுதியாய் இருந்த சிலவற்றை மட்டும் விட்டு, அடித்துளையுள்ள தொட்டியில் மணல் கலந்த புதுமண்ணில் நட்டோம். உரம் இடவில்லை, நோயுற்ற வேருக்கு உரம் சுமையே. சாளரத்துக் குளிருக்கு விலக்கி, வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்தோம். கொடி பிழைக்காவிட்டால் உதவும் என்று கணுவோடு இரு துண்டுகளை நீர்ப்புட்டியிலும் இட்டோம். இரண்டு அங்குல ஆழம் விரலைச் செலுத்தி, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர். அப்பொறுப்பைப் பையனிடமே விட்டு, மன்னிப்பும் கேட்டோம். மார்ச்சுத் திங்களில் ஓர் இலை சுருள் விரிந்தது.

இப்போது அவன் நன்றாகவே பார்த்துக்கொள்கிறான். ஆயினும் குவளையை எடுக்குமுன் நம் முகத்தை ஒருமுறை பார்க்கிறான். பார்க்க வேண்டா என்று சொல்லியாயிற்று, பார்க்கிறான்.